சோத்தாங்கைப் பக்கம் திரும்பவும்!

செம்பட்டி நாற்சந்தியில் காரை ஓரங்கட்டி, "கொடைக்கானலுக்கு எப்படிப் போகணும்?" என்று கேட்டுப் பாருங்கள். நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள். "நேரா வத்தலக்குண்டு போயி ஏறுங்க" என்பார் ஒருத்தர். "எதுக்கு? பழநி போயி அந்தப் பக்கமா ஏறுங்க, கூட்டமே இருக்காது" என்பார் அடுத்தவர். மூன்றாவது ஆள் தாண்டிக்குடி மலைப்பாதையைச் சிபாரிசு செய்வார். நாலாவது ஆள் வழியே சொல்லமாட்டார். "எந்த ஊர்லேர்ந்து வர்றீங்க?" என்று விசாரித்துவிட்டு டீ சொல்லுவார்.

ஐந்தாவதாக ஒரு ஆசாமி உண்டு. கார் கண்ணாடியில் உறிஞ்சான் போட்டு ஒட்டிக்கொண்டிருக்கும் சின்னப் பெட்டி. யாரும் கேட்காமலே பேசும். அதன் உச்சரிப்பில் வத்தலக்குண்டு ஏதோ இத்தாலிய ஐஸ்க்ரீம் மாதிரி ஒலிக்கும்.

செம்பட்டியைத் தெரியாதவர்களுக்கு: திண்டுக்கல் மாவட்டம். ஒரு கையைத் திண்டுக்கல்லுக்கும், ஒரு கையை வத்தலக்குண்டு - தேனிக்கும், ஒரு காலை நிலக்கோட்டை வழியாக மதுரைக்கும், இன்னொரு காலை ஒட்டன்சத்திரம் வழியாகப் பழநிக்கும் நீட்டிப் படுத்திருக்கும் ஜங்ஷன். சென்னை, திருச்சியிலிருந்து சனிக்கிழமை கொடைக்கானல் கிளம்புகிற பேச்சலர் கோஷ்டிகள் பலவும் இந்த வழியாகத்தான் போகும். அவற்றில் முக்கால்வாசிக் கார்களில் இந்தப் பெட்டியோ, பெட்டி வேலை பார்க்கும் போனோ இருக்கும்.

செம்பட்டியில் வாடகைக் கார் ஓட்டும் அண்ணன் ஒருவரிடம் ("பேரெல்லாம் போட்றாதீங்க ஸார்") இந்தப் பெட்டியைப் பற்றி அபிப்பிராயம் கேட்டேன்.

"நல்லாத்தேன் சொல்லுது. ஆனா அது ஊருக்குப் புதுசு ஸார். புது மாப்பிள்ளை மாதிரி. நாம கூட்டிட்டுப் போயி நாலு தெருவைச் சுத்திக் காட்டினாத்தேன் சரிப்படும். சும்மா நம்பி ஓட்டினா, கம்மாக்கரையில கொண்டுபோயி நிறுத்திப்புடும்."

இதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது. மாப்பிள்ளைக்கு ஊரைச் சுற்றிக் காட்டுவது எப்படி என்பதுதான் இந்த வாரச் சமாசாரம்.

* * *

பெட்டிக்குள் நாலு பேர் குடித்தனம் செய்கிறார்கள். காது, வாய், மூளை, ஞாபகம்.

முதலில் காது. பெட்டி வானத்தைப் பார்த்து "நான் எங்கே இருக்கிறேன்?" என்று சாட்டிலைட்டைக் கேட்பதாகப் பலர் நினைக்கிறார்கள். கிடையாது. அதற்கு ஒட்டுக் கேட்கத்தான் தெரியும். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில், நாளைக்கு இரண்டு முறை பூமியைச் சுற்றும் ஜி.பி.எஸ். சாட்டிலைட்டுகள் ஒவ்வொன்றும் "இப்போது மணி என்ன, நான் எங்கே இருக்கிறேன்" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். குறைந்தது நாலு சாட்டிலைட்டின் பேச்சைக் கேட்டு, எது எவ்வளவு தாமதமாக வந்தது என்று கணக்குப் போட்டு, தான் இருக்கும் இடத்தைப் பெட்டியே கண்டுபிடித்துக்கொள்கிறது.

இதில் ஐன்ஸ்டைனும் வருகிறார். மேலே இருக்கும் கடிகாரம் கீழே இருப்பதைவிட நாளைக்குச் சுமார் 38 மைக்ரோசெகண்ட் வேகமாக ஓடும். அதைச் சரிக்கட்டாமல் விட்டால், ஒரே நாளில் பத்து கிலோமீட்டருக்கு மேல் கணக்கு தப்பிவிடும். செம்பட்டியில் டீ குடித்துக்கொண்டிருக்கும் உங்களைப் பெட்டி பக்கத்து ஊரில் கொண்டுபோய் உட்கார வைத்துவிடும்.

2000-ம் ஆண்டு மே மாதம் வரை அமெரிக்கா பொதுஜனங்களுக்கான சிக்னலை வேண்டுமென்றே கலங்கடித்து வைத்திருந்தது. நூறு மீட்டர் வரை பிசகும். அன்றைக்கு இந்தப் பெட்டி உங்களிடம் இருந்திருந்தால், நீங்கள் மெயின் ரோட்டில் இருக்கிறீர்களா, பக்கத்துத் தென்னந்தோப்பில் இருக்கிறீர்களா என்று அதற்கே சந்தேகம் வந்திருக்கும். கிளின்டன் அந்தக் கலக்கலை நிறுத்திய பிறகுதான் கார் ஜி.பி.எஸ். பிழைத்தது.

இன்னொரு தப்பபிப்பிராயம்: "மலையில டவர் கிடைக்காது, ஜி.பி.எஸ். வேலை செய்யாது." ஜி.பி.எஸ்ஸுக்கும் செல்போன் டவருக்கும் சம்பந்தமில்லை. டவர் போனால் காணாமல் போவது மேப். போனில் மேப்பை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால் டவர் இல்லாத வளைவிலும் அம்புக்குறி நகரும். மேப்பை வயிற்றிலேயே வைத்திருக்கும் பழைய பெட்டிக்கு அந்தக் கவலையும் இல்லை. அதனால்தான் பரணில் போட்ட பெட்டிக்கு மறுவாழ்வு கொடுக்கலாம் என்கிறேன்.

காதை நம்மால் மாற்ற முடியாது. மற்ற மூவரையும் மாற்றலாம்.

* * *

அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. எதையும் தொடுவதற்கு முன்னால், பெட்டியைக் கம்ப்யூட்டரில் செருகி, உள்ளே இருப்பது அத்தனையையும் அப்படியே ஒரு ஃபோல்டரில் காப்பி எடுத்துவையுங்கள். மறைந்திருக்கும் ஃபைல்கள் உள்பட. காப்பி எடுக்காமல் கைவைப்பது, ஏணியை எடுத்தது யார் என்று தெரியாமல் மொட்டை மாடியில் தூங்குவது மாதிரி.

அடுத்து, கம்பெனி தந்திருக்கும் கடைசி அப்டேட்டைப் போட்டுவிடுங்கள். காரணம் இருக்கிறது. ஜி.பி.எஸ். சிக்னல் வாரத்தை 0 முதல் 1023 வரைதான் எண்ணும். அப்புறம் திரும்பப் பூஜ்யம். 1999 ஆகஸ்டில் ஒரு தடவை பூஜ்யமானது. 2019 ஏப்ரல் 6-ம் தேதி நள்ளிரவு இரண்டாவது தடவை. அப்டேட் போடாத சில பழைய பெட்டிகள் அன்றிலிருந்து கிட்டத்தட்ட இருபது வருஷம் பின்னால் போய்விட்டன. சாயங்காலம் ஆறு மணிக்குப் போய்ச் சேர்வீர்கள் என்று அன்றைக்குச் சொல்லின, ஆனால் தேதி 1999! அடுத்த பூஜ்யம் 2038 நவம்பரில்.

மலிவான சீனப் பெட்டிகள் பலவற்றில் 'விண்டோஸ் சி.இ.' ஒளிந்திருக்கும். செட்டிங்ஸில் 'நேவிகேஷன் பாத்' என்று ஒரு வரி இருந்தால் அதிர்ஷ்டம். பெட்டியை முடுக்கியதும் எந்த ஃபைலை ஓட்டவேண்டும் என்று அந்த வரிதான் சொல்கிறது. எஸ்.டி. கார்டில் வேறு நேவிகேஷன் சாஃப்ட்வேரை வைத்து, அந்த வரியை அதன் பக்கம் திருப்பினால், பெட்டி ஜாதகமே மாறிவிடும். ஹங்கேரி நாட்டுத் தயாரிப்பான 'ஐகோ' இந்த மாதிரிப் பெட்டிகளில் பிரசித்தம். அதில் மேப்புக்கு ஒரு ஃபோல்டர், குரலுக்கு ஒரு ஃபோல்டர், விலாசங்களுக்கு ஒரு ஃபோல்டர். 'சிஸ்' என்ற பெயரில் ஒரு டெக்ஸ்ட் ஃபைல் இருக்கும். நோட்பேடில் திறந்து நாலு வரி மாற்றினால் திரை, ஒலி எல்லாம் நம் இஷ்டத்துக்கு வரும்.

இங்கேதான் இளைஞர்கள் வழி தவறுகிறார்கள். சாஃப்ட்வேரில் கைவைக்கத் தெரிந்ததும் செய்கிற முதல் காரியம், பெட்டி முழிக்கும்போது வரும் கம்பெனி படத்தை எடுத்துவிட்டு அபிமான நட்சத்திரத்தின் படத்தைப் போடுவது. அடுத்து, திரையில் ஓடும் சின்னக் காரை எடுத்துவிட்டு ரேஸ் கார் வைப்பது. கார்மின் பெட்டியில் இதற்கென்றே தனி ஃபைல்கள் உண்டு. மாட்டுவண்டிகூட வைக்கலாம். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் மாப்பிள்ளைக்குக் கூலிங்கிளாஸ் மாட்டிவிட்டால் ஊர் தெரிந்துவிடுமா?

* * *

இப்போது வாய்.

2018-ல் கூகுள் மேப்ஸ் தமிழில் வழி சொல்ல ஆரம்பித்தது. பழைய பெட்டிகள் பலவற்றில் தமிழ் கிடையாது. நாமே குரல் கொடுக்கலாம். டாம்டாமின் சில மாடல்களில் பெட்டியிலேயே பேசிப் பதிவு செய்யும் வசதி இருந்தது. வெளிநாட்டில் 'சிம்ப்ஸன்ஸ்' கார்ட்டூனின் ஹோமர், 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் டார்த் வேடர் குரல்களை எல்லாம் காசு வாங்கிக்கொண்டு விற்றார்கள். மற்ற பெட்டிகளில் குரல் என்பது சின்னச் சின்ன ஒலித் துண்டுகள். அதே பெயரில் உங்கள் குரல் துண்டுகளை வைத்துவிட்டால் தீர்ந்தது.

தீர்ந்ததா? தமிழ் அவ்வளவு சுலபமாக விடாது.

பெட்டி துண்டுகளை இங்கிலீஷ் வரிசையில் அடுக்கும். 'ஆஃப்டர்', 'டூ ஹண்ட்ரட் மீட்டர்ஸ்', 'டர்ன் லெஃப்ட்'. ஒவ்வொன்றுக்கும் தமிழ் போட்டுப் பதிவு செய்தால் பெட்டி இப்படிப் பேசும்: "பிறகு... இருநூறு மீட்டர்... திரும்பு இடது." பழைய காலத்துத் தந்தி வந்த மாதிரி இருக்கும். அதைப் புரிந்துகொள்வதற்குள் திருப்பம் பின்னால் போயிருக்கும்.

இதற்கு ஒரு குறுக்குவழி. 'ஆஃப்டர்' இருக்கும் இடத்தில் அரை செகண்ட் மௌனத்தைப் பதிவு செய்யுங்கள். 'டூ ஹண்ட்ரட் மீட்டர்ஸ்' துண்டில் "இருநூறு மீட்டர் தாண்டி" என்று பேசுங்கள். 'டர்ன் லெஃப்ட்' துண்டில் "இடது பக்கம் திரும்புங்க". இப்போது கேளுங்கள்: "இருநூறு மீட்டர் தாண்டி... இடது பக்கம் திரும்புங்க." அட, நம்ம ஆள்!

'திரும்பவும்' என்று பதிவு செய்தால் கலெக்டர் ஆபீஸ் அறிவிப்பு மாதிரி இருக்கும். 'திரும்புடா' என்றால் உரிமை, ஆனால் பின்ஸீட்டில் மாமனார் இருந்தால் சங்கடம். 'திரும்புங்க'தான் உத்தமம். நண்பர் ஒருவர் தன் அப்பாவைப் பேசச் சொல்லிப் பதிவு செய்தார். அன்றிலிருந்து அறுபதுக்கு மேல் போவதில்லை. "ஸ்பீடா போனா திட்டிருவாரோன்னு பயமா இருக்கு ஸார்" என்கிறார். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி தனியாக வாங்க வேண்டியதில்லை.

செம்பட்டி அண்ணனின் யோசனை இதைவிட நுட்பமானது. "இடது, வலதுன்னு சொன்னா ஒரு செகண்டு யோசிக்கணும் ஸார். சோத்தாங்கை, நொட்டாங்கைன்னு சொல்லிப் பாருங்க. கை தானாத் திரும்பும்." சிரிக்காதீர்கள். எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு செகண்ட் என்பது இருபத்திரண்டு மீட்டர். ஒரு பஸ்ஸின் நீளத்தைப்போல இரண்டு மடங்கு.

பதிவு செய்த குரல் ஊர்ப் பெயரைச் சொல்லாது. "இடது பக்கம் திரும்புங்க" என்று மட்டும் சொல்லும். எழுத்தைப் பார்த்துத் தானே படிக்கும் குரல்தான் பெயரைச் சொல்லும். சொல்லி, கொல்லும். வத்தலக்குண்டு ஐஸ்க்ரீம் ஆவது அதனால்தான்.

* * *

மூன்றாவது, மூளை. வழியைத் தேர்ந்தெடுக்கும் பகுதி.

இதன் மூல வித்தையைக் கண்டுபிடித்தவர் டைக்ஸ்ட்ரா என்ற டச்சுக்காரர். 1956-ல் ஆம்ஸ்டர்டாமில் ஒரு காப்பிக் கடையில், கல்யாணம் நிச்சயமான பெண்ணுடன் உட்கார்ந்திருந்தபோது, பேப்பர் பென்சில் இல்லாமல் இருபது நிமிஷத்தில் மனசுக்குள்ளேயே போட்ட கணக்கு. (அந்தப் பெண்மணியின் பொறுமையைப் பாராட்ட வேண்டும்.) டாம்டாம் கம்பெனி 1991-ல் பிறந்ததும் அதே ஊரில்தான். இன்றைய பெட்டிகள் அந்தக் கணக்கையோ அதன் பேரன் பேத்திகளையோதான் போடுகின்றன.

கணக்கு கெட்டிக்காரக் கணக்கு. ஆனால் ஒவ்வொரு சாலைக்கும் "இதில் இவ்வளவு வேகம் போகலாம்" என்று நாம் சொன்னதைத்தான் அது நம்பும். கம்மாக்கரை வண்டித்தடத்தை யாரோ 'ரோடு' என்று எழுதி வைத்திருந்தால், பெட்டிக்கு அது ரோடுதான்.

எனவே செட்டிங்ஸில் நாலு விஷயம் பாருங்கள். ஒன்று, 'ஷார்ட்டஸ்ட்' என்று இருந்தால் 'ஃபாஸ்ட்டஸ்ட்' ஆக்குங்கள். மிகக் குறுகிய வழி பெரும்பாலும் யாரோ ஒருவரின் தோட்டத்துக்குள் போகும். இரண்டு, தார் போடாத ரோட்டைத் தவிர்க்கச் சொல்லுங்கள். மூன்று, வாகனம் 'கார்' என்று இருக்கிறதா பாருங்கள். பழநியில் மலையேற 'நடை' என்று வைத்துவிட்டு மாற்ற மறந்தால், பெட்டி காரையும் படியேறச் சொல்லும். நாலு, யு-டர்ன் தவிர்க்கவும் என்று வையுங்கள். நாலுவழிச் சாலையில் லாரிக்கு முன்னால் யு-டர்ன் அடிப்பது வீரம் இல்லை.

படியேறுவது கட்டுக்கதை இல்லை. 2024 ஜனவரியில் நீலகிரி மாவட்டம் கூடலூரில், மேப் காட்டிய விரைவு வழியில் போன ஒரு கார் படிக்கட்டில் இறங்கி மாட்டிக்கொண்டது. போலீஸும் ஊர்க்காரர்களும் சேர்ந்து மீட்டார்கள். நல்லவேளை, சிரிக்கிற செய்தியாக முடிந்தது.

அதே ஆண்டு நவம்பர் 24-ம் தேதி வந்தது சிரிக்கிற செய்தி அல்ல. உத்தரப் பிரதேசம் பரேலி அருகே ராம்கங்கா ஆற்றுப் பாலத்தில் போன கார் ஆற்றில் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். பாலத்தின் ஒரு பகுதியை அதற்கு முன்பே வெள்ளம் அடித்துக்கொண்டு போயிருந்தது. மேப்பில் அந்த மாற்றம் ஏறவில்லை. ரோட்டின் குறுக்கே சரியான தடுப்பும் இல்லை. அந்த வட்டாரத்தில் பாலம் இல்லை என்று எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்! தெரிந்த விஷயம் பெட்டிக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

* * *

ஆகவே நாலாவது, ஞாபகம். இதுதான் முக்கியம்.

முதல் சிக்கல், பெயர். பெட்டியில் 'செம்பட்டி' என்று தேட உட்கார்ந்தால், ஆங்கிலத்தில் முதல் எழுத்து 'எஸ்'ஸா, 'சி'யா? நடுவில் வருவது பாம்பே 'பி'யா, பாண்டிச்சேரி 'பி'யா? சரியாக அடித்தாலும் அருப்புக்கோட்டைப் பக்கம் ஒரு செம்பட்டி இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டத்தில் செம்பட்டிவிடுதி. திருச்சி விமான நிலையத்தை ஒட்டிச் செம்பட்டு. பெட்டி எதைக் காட்டுகிறதோ அதை அமுக்கிவிட்டுத் தூங்கினால், முழிக்கும்போது எதிரே விமானம் இறங்கும்.

ஆங்கிலத்தில் ஊர்ப் பெயரைச் சீர்செய்ய 2020-ல் தமிழக அரசே ஒரு முயற்சி எடுத்தது. 1,018 ஊர்ப் பெயர்களைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்றபடி மாற்றி ஜூன் மாதம் அறிவிப்பு வந்தது. கோயம்புத்தூருக்குப் பத்து எழுத்து போய்ப் பதினாலு எழுத்து வந்தது. வேலூர் 'வீலூர்' மாதிரி படித்தது. ஜனங்கள் கிண்டல் செய்து தீர்க்க, சில நாட்களிலேயே அறிவிப்பு வாபஸ் ஆனது. அரசாங்கத்துக்கே பிடிபடாத விஷயம், பாவம், பெட்டிக்கு எப்படிப் பிடிபடும்?

இதற்கு மருந்து, எண். அட்சரேகை, தீர்க்கரேகை. செம்பட்டிக்கு உத்தேசமாக வடக்கு 10.3, கிழக்கு 77.9. ஆனால் புள்ளிக்குப் பின் ஒரே ஒரு இலக்கம் போதாது. அதில் ஒரு எண் மாறினால் பதினோரு கிலோமீட்டர் தள்ளிப் போகும். நாலு இலக்கம் எழுதினால் பதினோரு மீட்டருக்குள் வந்துவிடும். அந்த இடத்தில் நின்றுகொண்டு பெட்டி காட்டும் எண்ணையே சேமித்து, 'செம்பட்டி முக்கு' என்று உங்களுக்குப் புரிகிற பெயர் வைத்துவிடுங்கள்.

கார்மின் பெட்டியில் இன்னும் வசதி. 'பி.ஓ.ஐ. லோடர்' என்று ஒரு இலவச சாஃப்ட்வேர். எக்ஸெல்லில் மூன்று கட்டம்: தீர்க்கரேகை, அட்சரேகை, பெயர். சி.எஸ்.வி. ஃபைலாகச் சேமித்து ஏற்றினால் தீர்ந்தது. ஆபீஸில் நாள் முழுக்க எக்ஸெல் பார்ப்பவர்களுக்கு இது ஜுஜுபி. வரிசைதான் முக்கியம். இங்கே தீர்க்கரேகை முதலில். பழக்கதோஷத்தில் மாற்றி எழுதினால், செம்பட்டி வட துருவத்துக்குப் பக்கத்தில் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுக்கு மேற்கே கடலுக்குள் போய்விடும். டீ கிடைக்காது.

பெயருக்குப் பின்னால் ஒரு @ குறி போட்டு 40 என்று எழுதினால், அந்த இடத்தை நெருங்கும்போது 40-க்கு மேல் போனால் பெட்டி சத்தம் போட்டு எச்சரிக்கும். வெளிநாட்டில் இந்த வசதியைப் போலீஸ் வைத்த வேகக் காமிராவிடம் தப்பிப்பதற்குத்தான் அதிகம் பயன்படுத்தினார்கள். சுவிட்சர்லாந்தில் காமிரா இருக்கும் இடத்தைச் சொல்லும் பெட்டியை வைத்திருப்பதே குற்றம். நமக்கு வேறு வேலை இருக்கிறது.

தை மாதம் செம்பட்டி வழியாகப் பழநிக்குப் பாதயாத்திரை போகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். மதுரைப் பக்கமிருந்தும் தேனிப் பக்கமிருந்தும் கூட்டம் கூட்டமாக வருவார்கள். வெயிலுக்குப் பயந்து ராத்திரியிலும் விடியற்காலையிலும் நடப்பார்கள். காலில் செருப்பு இருக்காது. குழந்தைகள், வயசானவர்கள், தலையில் மூட்டை. நாலு மணி இருட்டில், தூக்கக் கலக்கத்தில் வருகிற டிரைவருக்கு எதிரே ரோட்டோரம் ஒரு ஊரே நடந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் பெட்டி என்ன சொல்லும் தெரியுமா? "நேராகச் செல்லவும், 30 கிலோமீட்டர்." அதன் கணக்கில் ரோடு காலி.

"பூசத்துக்கு முந்தின வாரம் இந்த ரோட்டுல நான் நாப்பதத் தாண்டமாட்டேன் ஸார்" என்றார் அண்ணன். "வெளியூர்க் காரய்ங்களுக்குத் தெரியாது. பெட்டியப் பாத்துக்கிட்டே வருவாய்ங்க. எல்லாரையும் நிறுத்திச் சொல்ல முடியுமா?"

முடியாது. பெட்டிக்குச் சொல்லலாம். செம்பட்டியிலிருந்து ஒட்டன்சத்திரம் வரை ஐந்தாறு இடங்களில் எண் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் 'பாதயாத்திரை' என்று ஆங்கில எழுத்தில் பெயரும் பக்கத்தில் 40-ம் போட்டு ஒரு ஃபைல். அரை மணி நேர வேலை. நண்பர்களுக்கும் கொடுக்கலாம். பங்குனி உத்திரத்துக்கும் அதே ஃபைல் உதவும்.

உங்கள் பெட்டிக்கு மட்டும் சொன்னால் போதாது, ஊருக்கே சொல்லவேண்டும் என்று நினைக்கிற தர்மவான்களுக்கு 'ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்' இருக்கிறது. 2004-ல் ஸ்டீவ் கோஸ்ட் என்ற ஆங்கிலேயர் ஆரம்பித்தது. யார் வேண்டுமானாலும் ரோடு சேர்க்கலாம், திருத்தலாம், ஊர்ப் பெயரைத் தமிழிலும் எழுதலாம். அந்த மேப்பைக் கார்மின் பெட்டியில் ஏற்றுகிற மாதிரி மாற்றி இலவசமாகவே தருகிறார்கள். திருட்டு மேப் தேடி வைரஸ் வாங்க வேண்டியதில்லை.

இந்தியாவை அங்குலம் அங்குலமாக அளக்கும் மகா சர்வே 1802 ஏப்ரல் 10-ம் தேதி தொடங்கியது நம் பரங்கிமலையில்தான். லாம்டன் என்ற வெள்ளைக்காரர் அரை டன் எடையுள்ள தியோடலைட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். 1808-ல் தஞ்சாவூர்க் கோயிலில் அதை மேலே ஏற்றும்போது இடித்து நசுங்கிவிட்டது. அவரே உட்கார்ந்து தட்டிச் சரிசெய்தார். அப்புறம் இருநூறு வருஷம், மேப் என்றாலே சர்க்கார் பீரோவில் பூட்டி வைக்கிற வஸ்து. இந்தியர்கள் முன் அனுமதி இல்லாமல் மேப் தயாரிக்கலாம் என்று மத்திய அரசு விதியைத் தளர்த்தியது 2021 பிப்ரவரி 15-ம் தேதிதான். லாம்டன் அரை டன் சுமந்து செய்த வேலையை இன்று சட்டைப் பையில் இருக்கும் போனை வைத்துச் செய்கிறோம். கிராமத்துத் தரைப்பாலம் இடிந்தால், அன்று சாயங்காலமே மேப்பில் அந்த ரோட்டை மூட நம்மில் ஒருவரால் முடியும். மூன்று உயிர் என்பது சின்னக் கணக்கில்லை.

பெட்டிக்குச் சொல்லித்தர முடியாத விஷயங்களும் உண்டு. கொடைக்கானலுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்தது. அதை வாங்கச் சொல்லி எந்தப் பெட்டியும் ஞாபகப்படுத்தாது. கிளம்புமுன் அன்றைய நிலவரத்தை நீங்களே விசாரித்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாகச் சட்டம். வழி பார்ப்பதற்காக மட்டும், கவனம் சிதறாதபடி, வண்டியில் கைக்கருவியைப் பயன்படுத்தலாம் என்று 2020 அக்டோபர் முதல் மத்திய மோட்டார் வாகன விதியில் இடம் கொடுத்திருக்கிறார்கள். ஓட்டிக்கொண்டே குரலை மாற்றுவது, படத்தை மாற்றுவது எல்லாம் அதில் சேராது. சொல்லிக்கொடுக்கிற வேலையை வீட்டில், உட்கார்ந்து, காபி குடித்துக்கொண்டு செய்யுங்கள். எக்ஸெல்லில் முதல் வரியாகச் செம்பட்டியை எழுதுங்கள், தீர்க்கரேகை முதலில். தை பிறப்பதற்குள் முடித்துவிட்டால், நீங்கள் பார்க்கவே போகாத யாரோ ஒரு பாட்டி இருட்டில் நிம்மதியாக ரோட்டைக் கடப்பாள்.